வார்னிஷ்

பிப்ரவரி. கிம்லிக்கு வடக்கே மைனஸ் இருபத்தெட்டு.
கொட்டகைக்குள் ஹீட்டர்
என் முழங்கால்வரைக்கும்தான் வேலை செய்கிறது.

இடது இறக்கையைக் கழற்றி
இரண்டு மரத் தாங்கிகள் மேல் கிடத்தியிருக்கிறேன்.
நாற்பத்தாறில் பிறந்த ஏரோங்கா.
அறுபத்தைந்து குதிரைச் சக்தி.
எதிர்க்காற்றடித்தால்
கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் முந்திக்கொண்டு போகும்.

துணியை உரித்ததும்
முதலில் வந்தது எலி.
எலி இல்லை, எலி இருந்த இடம்:
கோதுமை உமி, இருக்கைப் பஞ்சு,
பாதி சாக்லேட் காகிதம்.
சிரித்துக்கொண்டேதான் பெருக்கினேன்.

பிறகு டார்ச்சை
உத்தரத்தின் மேல் படுக்கவைத்தேன்.
இறக்கை நெடுக ஓடும் ஸ்ப்ரூஸ் பலகை அது.
நேராக அடித்தால் மரம் எதையும் சொல்லாது.
சாய்வாக, கிட்டத்தட்ட உரசிக்கொண்டு
ஒளி நகர வேண்டும்.
நகர்ந்தது.
ஏழாவது விலாவைத் தாண்டி
இழைக்குக் குறுக்கே
ஒரு முடி.

ஊதினேன். போகவில்லை.
நகத்தால் வழித்தேன். போகவில்லை.

இறக்கை நுனி எங்கோ இடித்தால்
அந்த அதிர்ச்சி உள்ளே ஓடி
நார்களை மடக்கிவிட்டுப் போகும்.
வெளியே ஒரு கீறலும் இராது.
எங்கே இடித்தது என்று எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடத்துக்கு முன், உறைந்த ஏரி,
ஸ்கீ வழுக்கி, பனிமேட்டில்.
கோர்னீலியஸ் ரெம்பல் இங்கேதான் கொண்டுவந்தார்.
லாக் புத்தகத்தில் இருக்கிறது:
உத்தரம் பரிசோதிக்கப்பட்டது. பழுது இல்லை.
வார்னிஷ் பூசப்பட்டது.
கீழே த. பியார்னசன்.
நான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பார்த்ததாகத்தான் ஞாபகம்.
விரிசல் அப்புறம் வந்திருக்கலாம் என்று
அரை மணி நேரம் மரத்தோடு வாதாடினேன்.
பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

விரிசலுக்குள்
தேன் நிறத்தில், காய்ந்து, பளபளவென்று
என் வார்னிஷ்.

பின்னால் வந்ததென்றால்
வார்னிஷும் சேர்ந்து உடைந்திருக்கும்.
இது தூரிகைக்கு முன்பே வந்து
வாயைத் திறந்துகொண்டு காத்திருந்திருக்கிறது.
நான் குடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

பூசி மெழுகுவது என்பார்கள்.
அதுவரை அது எனக்கு வெறும் சொல்.

அதன் பிறகு நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்
பறந்திருக்கிறார். நீல மையில் அவரே எழுதிய கணக்கு.
மீன்பிடிக் குடில்களின் மேல்,
பின் இருக்கையில் நெட்டி, ஒரு தெர்மாஸ்,
ஒருமுறை யாருக்கோ கொடுக்கவேண்டிய ஆட்டுக்குட்டி.

போன் செய்தேன்.
விரிசல் என்றேன். சரி என்றார்.
பழசு என்றேன். ம் என்றார்.
வார்னிஷ் என்றேன்.
அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் நின்றது.
"எந்த இறக்கை?"
"இடது."
அது எதற்கு அவருக்கு? நான் கேட்கவில்லை.
வெகுநேரம் கழித்து,
"புது உத்தரத்தை நீயே போடு.
கையெழுத்தை மட்டும் வேறு யாராவது போடட்டும்."
நியாயம்தான் என்றேன்.
போனை வைத்த பிறகுதான் வலித்தது.

ஹீட்டரில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.
அந்த வருடத்துப் பணி நோட்டை எடுத்தேன்.
அந்தக் குளிர்காலத்தில்
எனக்கு என்ன அவசரம் என்று
எங்கேயும் எழுதிவைக்கவில்லை.
எழுதியிருப்பது, இன்னும் ஆறு விமானங்கள்.
ஆறும் மர இறக்கை. ஆறும் என் கை.
ஒன்று டாஃபினில், மூன்று ஏரிக்கரையில்,
ஒன்றைப் பிரித்து விற்றுவிட்டார்கள்,
ஒன்று யாரிடம் இருக்கிறதோ.

முதல் எண்ணை அழுத்துகிறேன்.
மணி போகிறது.
டார்ச்சை அணைக்கவில்லை போல.
அதுபாட்டுக்குப் பலகைமேல் படுத்துக்கொண்டு
இழைக்குக் குறுக்கே எரிகிறது.
இன்னும் எடுக்கவில்லை.
மணி போகிறது.