நான்கு நொடி

ரத்தத்துக்கு ஒதுக்கிய பதினோராயிரத்தை
ஜெனரேட்டருக்கு டீசலாய் ஊற்றிவிட்டாள் தமயந்தி.
நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு
"யாரும் சாகறதக் காட்ட வேணாம்,
கதவ மட்டும் காட்டுங்க" என்றாள்.
செங்கோடன் அரைமணி நேரம் கோபமாக இருந்தான்.
பிறகு கதவைப் பார்த்தான்.
பிறகு நாங்கள் எல்லோரும் கதவைப் பார்த்தோம்.

ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில்,
காபித் தோட்டத்துக்குள் வாடகை வீடு.
நாளுக்கு மூவாயிரம், சமையல் பாத்திரம் உட்பட.
ஒன்பது பேர், பன்னிரண்டு நாள், ஒரு பேய்.
பேய்க்கு ஆள் போடவில்லை.
புகை மெஷின் வேண்டாம், மலை தரும் என்றார்கள்.
தந்தது.
கூப்பிட்டால் வராது,
சாப்பாட்டு நேரத்தில் வந்து
ரசத்துக்கு மேல் நிற்கும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும்
செங்கோடனின் மச்சான்
ஒரு கிலோ கொலுசோடு மலையேறி வந்தார்.
"பேய்ப் படம், இது இல்லாம எப்படி மாப்ள?"
சேலத்துக்காரன் கொலுசுச் சத்தம் கேட்டால்
ஜாப் ஒர்க் வந்திருக்கிறதென்று எழுந்து போவான்,
பயப்பட மாட்டான்.
டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

நான் ஒலிப்பதிவு.
இரண்டு மைக். ஒன்றுக்குக் காற்றுறை கிடையாது,
என் மகனின் குரங்குக் குல்லாயை மாட்டியிருந்தேன்.
"சில்வண்டு நிக்கணும்" என்றான் செங்கோடன்.
"ரோஸ்லின் கை நீட்டுறா. வெளிய சில்வண்டு.
கை தாழ்ப்பாளத் தொடறதுக்கு முன்னாடி
நின்னுடணும். நாலு நொடி."
கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்ளலாமே என்றேன்.
"வெட்டினா ஓட்டை.
தானா நின்னா
அது ஒன்ன கேக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்."

மூன்று இரவு.
சில்வர் ஓக் அடியில் ஸ்டூல்,
அட்டைக்குப் பயந்து காலெல்லாம் உப்பு.
முதல் இரவு மழை.
இரண்டாம் இரவு காவல்கார வெள்ளையன்
போனில் லூடோ ஜெயித்தான், சத்தமாக.
மூன்றாம் இரவு, ஒன்றரை மணிக்கு மேல்,
நின்றது.

ஹெட்போனில் என் எச்சில் இறங்குவது கேட்டது.
ஒன்று. இரண்டு.
மூன்று.
நான்கு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
எப்போதோ இடப்பக்கம் ஒன்று தொடங்க
மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டன.

காலையில் வெள்ளையனுக்குப் போட்டுக் காட்டினேன்.
ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டான்.
"ஆளு நடந்தா நிக்குமுங்க."
நான் ஸ்டூலை விட்டு எழவே இல்லை என்றேன்.
"நான் தூங்கிட்டனுங்க" என்றான்.
இருவரும் அதோடு விட்டுவிட்டோம்.

சேலத்தில் காலைக் காட்சி.
பத்தொன்பது பேர், அதில் ஏழு பேர் நாங்கள்.
எனக்கு முன் வரிசையில் ஒருவர் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.
ரோஸ்லின் கை நீட்டினாள்.
நின்றது.
பொட்டலத்துக்குள் போன கை
வெளியே வரவில்லை.
நான் திரையை விட்டு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கதவு திறந்தது.
ஒரு நாற்காலி, அதன்மேல் மடித்த துண்டு,
வேறொன்றுமில்லை.
"அட, சீ" என்று மென்றார்.
இடைவேளையில் பாத்ரூம் போக
பக்கத்தில் தூங்கியவரை எழுப்பிக்
கூட்டிக்கொண்டு போனார்.

ஆறு நாள் ஓடியது.
தமயந்தி நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதினாள்.
அந்தப் படத்தில் சிவப்பு என்றால் அது ஒன்றுதான்.

இப்போது அம்மாபேட்டை வீட்டில்
ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடுகிறது,
ஓடுவது தெரிவதில்லை.
நிற்கும்போது விழித்துக்கொள்கிறேன்.
"என்ன?" என்பாள் மனைவி.
ஒன்றுமில்லை என்பேன், விரல்விட்டு எண்ணியபடி.

படத்தில் வைத்தது நான்கு நொடி.
பதிவில் பதினேழு இருக்கிறது.
மீதிப் பதிமூன்றை
ஒலி கூட்டி
நான் கேட்டதில்லை.