சாவிக்காரன் படிக்கட்டு

நாற்பத்தைந்து நிமிடம்.
அதில் லிஃப்டே எட்டைத் தின்றுவிடும்,
இறங்க நான்கு, ஏற நான்கு.
யோர்க் வீதியைக் கடக்க இரண்டு,
பஸ்காரர்கள் மனம் வைத்தால்.
மிச்சம் முப்பத்தைந்தில்
ஒரு மனுசி சோறு தேடி, சாப்பிட்டு,
கை கழுவி, மணம் போக மறுபடி கழுவி,
கணக்குப் பிரிவில் வந்து குந்த வேண்டும்.

முதல் கிழமை
பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
அங்கே இப்போது நோயாளிகள் இல்லை, மெனு இருக்கிறது.
நண்டின் விலையைப் பார்த்த இடத்தில்
நாடி ஒருமுறை நின்று ஓடியது.
தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழும்ப
தண்ணீருக்கும் பில் வந்தது.

இரண்டாம் கிழமை சோற்றுப் பார்சல்.
வானின் பின்கதவைத் திறந்துவைத்து விற்கிறவர்
மீனா முட்டையா என்று சிங்களத்தில் கேட்பார்.
மாளு.
ஒரே ஒரு சொல்.
தொண்டைவரை வந்து முள்ளாய் நிற்கும்.
அதற்குள் முட்டை கைக்கு வந்துவிடும்.
ஐந்து நாளும் முட்டை.

ஒஃபிசில் கேட்டேன், நீங்கள் எல்லாரும் எங்கே என்று.
துலாஞ்சலி வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறாளாம்.
ஃபர்ஸான் பகலில் சாப்பிடுவதே இல்லையாம்,
வயிறு ஊதுமாம்.
மனேஜர் செல்வநேசன் ஐயாவுக்கு
இரண்டு கிறீம் கிறேக்கர், சீனியில்லாப் பிளேன்ரீ,
டொக்டர் கட்டளை.
என் பசியை நினைக்க
எனக்கே வெட்கமாய்ப் போயிற்று.

மூன்றாம் கிழமை, செவ்வாய், மழை.
புறக்கோட்டைப் பக்கம் ஓடி
சாவி வெட்டுகிறவரின் தகரத்தடியில் ஒதுங்கினேன்.
இரும்பு கீச்சிடும் சத்தத்துக்கு மேலே
எங்கேயோ
வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கொதிக்கிற மணம்.
போர்ட் இல்லை. அம்புக்குறி இல்லை.
அவர் தலை நிமிரவில்லை;
பாதி வெட்டிய பித்தளைச் சாவியால் மேலே காட்டினார்.

பதினேழு படி. கைபிடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.
மேலே நீட்டு மேசை மூன்று, ஆடுகிற வாங்குகள்,
லஞ்ச் சீற் விரித்த கோப்பையில்
சிவப்பரிசிச் சோறு, பருப்பு,
போஞ்சி வெள்ளைக்கறி, வல்லாரைச் சம்பல்,
பொரித்த மிளகாய் ஒன்று, உடையாத அப்பளம் ஒன்று,
நடுவில், நான் வாயே திறக்காமல்,
ஒரு துண்டு சூரை.
பரிமாறுகிற மனிதர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்,
அதையும் அகப்பையால்தான் கேட்கிறார்.

குனிந்து பிசைந்தேன்.
முதல் கவளம் இறங்கி நிமிர்கையில்
எதிர்ப்பக்கம் ஒரு கை
வாய்க்குப் போகிற வழியில் அந்தரத்தில் நின்றது.
பச்சைக்கல் மோதிரம்.
எனக்குத் தெரிந்த மோதிரம்.
லீவு போர்மில் ஒப்பமிடுகிற மோதிரம்.

ஐயாவின் கோப்பையில் இரண்டு மீன், குவித்த சோறு.
கிறீம் கிறேக்கரைக் காணவில்லை.
மூலையில் சுவரைப் பார்த்தபடி ஃபர்ஸான்,
ஊதுகிற வயிற்றுக்கு மூன்றாம் முறை சொதி விடுகிறான்.
சமையலறை வாசலில் துலாஞ்சலி,
வீட்டிலிருந்து கொண்டுவந்த
வெறும் டப்பாவை நீட்டிக்கொண்டு.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஐயா தன் அப்பளத்தை உடைத்து
எச்சில் படாத பாதியை என் பக்கம் நகர்த்தினார்.
லஞ்ச் நேரத்தில் வாங்கினால்
அது லஞ்சமா, தெரியாது.
கடித்தேன்.

இந்த மாதம் புதிதாய் ஒரு பையன், நிவேதன், மன்னார்.
"அக்கா, பகலுக்கு நீங்கள் எங்கே போறனீங்கள்?"
மூன்று கம்ப்யூட்டர்களின் தட்டச்சுச் சத்தம்
ஒரே நேரத்தில் நின்றது.
"நான் விரதம், தம்பி."
"ஒவ்வொரு நாளுமா?"
மஞ்சள் போகாத விரல்களை
ஃபைலுக்கடியில் தள்ளினேன்.

ஜன்னலில் துறைமுகப் பக்கம் வானம் கறுத்தது.
"குடை வச்சிருக்கிறீரோ?"
"இல்லை அக்கா."
"அப்ப சரி," என்றேன்.