நிகழ்ச்சி இலக்கம் பதினான்கு

படிவத்தில் பதின்மூன்று நிகழ்ச்சிகள் அச்சிலேயே இருந்தன.
நூறு மீற்றர், குண்டு, தட்டு, கயிறிழுத்தல்,
கரம் கூட.
இருந்த இடத்தில் இருந்து விரலால் சுண்டும் கரம்.
பதினான்காவது கோடு வெறுமை.
"அதில எங்கட மூட்டையை எழுதுங்கோ அக்கா"
என்றான் கஜரதன்,
பரந்தன் மில்லின் நான்கு நாட்டாமைகளில் இளையவன்.

நான் தராசடியில் கணக்கு எழுதுகிறவள்.
யார் முதுகில் எத்தனை மூட்டை போனது
என் கொப்பிக்குத் தெரியும்.
மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.
இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?

"ஞாயிறு வந்து பாருங்கோ."

நெல் காயவிடும் சீமெந்துத் தளம்.
காலபோக நெல்லு, மூன்று புசல் மூட்டை.
இந்தக் கரையில் தூக்கி
அந்தக் கரையில் இறக்கி
மூச்சு வாங்காமல் திரும்ப ஏற்றி
எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும்,
நான் வெள்ளிக்கிழமை போட்ட சோக்குக் கோட்டின் மேல்.

முதலாளி வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.
"ஒண்டும் லொறியில ஏறேல்லை.
பிறகென்னத்துக்கடா தூக்கினனீங்கள்?"
நான்கு பேரிடமும் மறுமொழி இல்லை.
அந்த மறுமொழி இல்லாததை
மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

வேலை நாளில் கொக்கி இல்லாமல் சாக்கைத் தொடமாட்டார்கள்.
இன்று கொக்கி தடை.
யார் தடுத்தது? அவர்களே.
தோளில் துவாய் போடலாமா என்று
அந்தோனிமுத்துவும் மலர்ச்செல்வனும்
அரை மணித்தியாலம் சண்டை.
பன்னிரண்டு வருடத்தில் அந்தத் துவாயைப் பற்றி
ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

விளையாட்டு உத்தியோகத்தர் வந்தார், நீல ரீசேட்.
சங்கம் இருக்கா, விதிக்கோவை இருக்கா,
வேறெந்த மாவட்டத்தில் நடக்குது?
"சரி, மணல் நிரப்புவம். ஐம்பது கிலோ. எல்லாருக்கும் ஒரே அளவு."
தவரூபன் அண்ணை அப்போதுதான் வாய் திறந்தார்:
"மணல் செத்த பாரம் சேர்.
நெல்லு முதுகில அசையும், பிடரியில சுணைக்கும்.
அதையும் சேர்த்துத்தான் ஓட்டம்."
உத்தியோகத்தர் பேனையை மூடினார்.
படிவத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு
நடுத்தளத்தில் கஜரதனின் சாக்கு வெடித்தது.
நெல்லு அவன் காலைச் சுற்றிக் குவிந்தது.
எல்லாரும் ஓடிவந்தார்கள்,
ஒருவன் விளக்குமாறு, ஒருவன் சுளகு,
ஒருவன் கோணி ஊசி.
இருபது நிமிடம் அது வேலை.
ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் எண்ணவில்லை.
தைத்து முடிந்ததும் கோட்டுக்குப் போனார்கள்.
அதே வெயில், அதே முதுகு, அதே மூட்டை.
என்ன மாறியது என்று கேட்டால்
எனக்குக் காட்டத் தெரியாது.
மாறிய நேரத்தை மட்டும் சொல்வேன்:
பத்து நாற்பது.

மலர்ச்செல்வன் நாற்பத்தொரு விநாடி.
தவரூபன் அண்ணை அரை விநாடி பிந்தி.

திங்கள் அவர் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.
செவ்வாய் லொறி வந்தது.
மற்றவர்களைவிட முப்பது மூட்டை கூடச் சுமந்தார்,
அதைப் பற்றி மூச்சும் விடவில்லை.
புதன் தராசறைக் கதவில் வந்து நின்றார்.
நரைத்த மீசை, இரண்டு பேத்திகள் உள்ள மனிசன்.
"பிள்ளை, உம்மட போன்
பிந்தித்தான் அமத்தினது."

படிவத்தை எடுத்தேன்.
பதினான்கு: மூட்டை ஓட்டம்.
உபகரணம்: நெல்லு. மணல் அல்ல.
பரிசு என்ற கட்டத்தில் கோடு இழுத்தேன்.
'விளையாட்டாகக் கருதுவதற்கான காரணம்' என்ற இடம்
ஒரு விரல் அகலம்தான்.
எழுதினேன்:
தோற்றவர் மூன்று நாளாகக் கதைக்கவில்லை.

பதில் இன்னும் வரவில்லை.
நாளை ஞாயிறு.
போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.
பெருவிரலை
அமத்தி அமத்திப் பார்க்கிறேன்.