தெரிந்த குறை: ஒன்று

ஃபோக்கோ சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன்.
போர்ஷே 911 டி. எழுபத்தொன்றாம் வருஷத்து வண்டி.
ஆரஞ்சு நிறம், ஆலையில் பூசிய அதே எண்.
எஞ்சின் எண் பத்திரத்தில் உள்ளபடி.
"துருப்பிடிக்காதது என்று போடவா?"
"துரு இல்லை என்று போடு.
பிடிக்காதது வேறு, இல்லாதது வேறு."

பன்னிரண்டு வருஷம்.
ஒரு கதவுக் கைப்பிடிக்காக பெல்ஜியம் போய்வந்தான்.
என் அக்கா கல்யாணத்துக்கு வரவில்லை,
அன்றைக்கு பிரைமர் காய வேண்டியிருந்தது.
கார்புரேட்டர்கள் என் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில்
இரண்டு முறை குளித்தன.
கொஞ்ச நாள் எங்கள் தேநீரில்
பெட்ரோல் வாசம்.

முடிந்ததும் ஓட்டுவான் என்று நினைத்தேன்.
கிலோமீட்டர் காட்டியைச் சுழியத்தில் நிறுத்தி
போர்வை போர்த்தினான்.
மழை வரும் என்றான். கடல் காற்றில் உப்பு என்றான்.
ஜூலையில், வெயில் ரப்பருக்கு ஆகாது.

இப்போது கூரைக்குப் புது ஓடு வேண்டும்.
புது முழங்காலுக்கு கிளட்ச் ஒத்துவராது.
ஆகவே விற்பனை.

தெரிந்த குறைகள் என்ற கட்டத்துக்கு வந்தோம்.
வெகுநேரம் யோசித்தான்.
"ஒன்று. கிலோமீட்டர் காட்டி பழுது.
கொட்டகையில் நின்றபடியே எண்பத்தேழு ஓடியிருக்கிறது.
நேர்மையாகச் சொல்லிவிடுவோம்."
நேர்மையாக அடித்தேன்.
எழுத்துப் பிழை இல்லாமல்.

ஞாயிறு காலை, காஸ்ஸெலிலிருந்து ராட்கே வந்தார்.
பல் மருத்துவர். சட்டைப் பையில்
பட்டுத் துணி சுற்றிய காந்தம்.
கதவில் வைத்தார், ஒட்டியது.
பானெட்டில், வலப்பக்க மட்கார்டில், ஒட்டியது.
இடப்பக்கம் பின்னால்
வழுக்கி சிமென்ட் தரையில் விழுந்தது.
மறுபடி வைத்தார்.
மறுபடி விழுந்தது.

சொத்தையைச் சொல்லும் குரலில் சொன்னார்:
"இங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள்."
ஃபோக்கோ சிரித்தான்.
"இந்த வண்டியில் ஒரு துளி பட்டி கிடையாது."
பிறகு குனிந்து நகத்தால் தட்டினான்.
பிறகு சிரிக்கவில்லை.

என் கையில் தட்டு, மூன்று கோப்பைகள்.
சூடான தேநீரில் கற்கண்டு விரிசல் விடும் சத்தம்
அவ்வளவு பெரிதாக நான் கேட்டதில்லை.

"அது நான்" என்றேன்.
"போன செப்டம்பர். ஓல்டன்பர்க் ஆஸ்பத்திரியில்
உன் காலைத் தூக்கிக் கட்டியிருந்த இரண்டாம் ராத்திரி.
முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கும்.
பன்னிரண்டு வருஷம் கேட்டவளுக்குத் தெரியாதா?
கிரேட்சீல் வரை போனேன்.
கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது.
கரைமேல் ஆடுகள் எழுந்து நின்று பார்த்தன.
திரும்பி வந்து, இத்தனை தூரமும் இடிக்காமல் வந்து,
நம் வாசல் தூணில் இடித்தேன்.
லேயரில் தியார்க் மூன்று நாளில்
டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடித்தான்.
குளிர்கோட்டுக்கு வைத்திருந்த பணம்.
ஏன் பழைய கோட்டு என்று
நீ கேட்கவே இல்லை."

ராட்கே தன் கோப்பையிடம் கேட்டார்,
மூவாயிரம் யூரோ குறைக்க முடியுமா என்று.
யாரும் பதில் சொல்லவில்லை.

விளம்பரத் தாளை ஃபோக்கோ எடுத்தான்.
'கிலோமீட்டர் காட்டி பழுது' என்ற வரியை
ஒரே கோட்டில் அடித்தான்.
பேனாவை மூடினான். திறந்தான். மூடினான்.

"மூன்றாவது கியரில்," என்றான்,
"ஐயாயிரம் சுற்றைத் தாண்டும்போது
எஞ்சின் சத்தம் மாறும் என்று படித்திருக்கிறேன்.
மாறியதா?"

"மாறியது."

"எப்படி?"

தட்டைக் கீழே வைத்தேன்.
ஒரு பல் மருத்துவரின் முன்னால்
வாயை முழுதாகத் திறந்து
அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன்.

"இன்னொரு தடவை" என்றான்.