வலது காது

அப்பாவுக்கும் எனக்கும் இடது காது மந்தம்.
அவருக்குக் கினியின் சதுப்புகளுக்கு மேலே போனது,
எனக்கு இந்த அசோரெஸ் தீவுகளுக்கு நடுவே.
ஒரே எஞ்சின் இல்லை, ஒரே போரும் இல்லை,
எனக்குப் போரே இல்லை.
விமானப்படை மருத்துவர்கள் மட்டும்
முப்பது வருட இடைவெளியில்
ஒரே வார்த்தையை எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிறு மதியம் மேசையில்
யார் எங்கே உட்கார்வதென்று சண்டை.
அவர் எனக்கு வலப்பக்கம் இருந்தால்
அவர் சொல்வது எனக்குக் கேட்கும்,
நான் சொல்வது அவருக்குக் கேட்காது.
மாறி உட்கார்ந்தால் மாறி நடக்கும்.
"எதிரெதிரே உட்காருங்களேன்" என்பாள் அம்மா.
எதிரெதிரே உட்கார்ந்தால்
முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பேஜாவில் எனக்குச் சிறகு குத்திய நாளில்
அவர் வரவில்லை.
மாடு ஈனும் வாரம் என்றார்.
மாடு பதினோரு நாள் கழித்து ஈன்றது.

ஆனால் ஒவ்வொரு இரவும் நான் தரையிறங்கிய பிறகு
தொலைபேசி அடிக்கும்.
"காற்று எந்தப் பக்கம்?"
சொல்வேன்.
"ம்."
வைத்துவிடுவார்.

கண்புரை அறுவைக்குக் காப்பீட்டுச் சீட்டைத் தேடியபோது
அலமாரியில் அவருடைய பறப்புப் பதிவேடு கிடைத்தது.
பச்சைத் துணி அட்டை, கரையான் தின்ற ஓரம்.
தேதி. எஞ்சின் எண். பிசாவிலிருந்து காச்சேவ்.
ஒரு மணி நாற்பது நிமிடம்.
ஆட்கள், போகையில்: ஐந்து.
வருகையில்: நான்கு.
குறிப்பு என்ற கட்டத்தில்
அவருடைய அழகான சாய்ந்த கையெழுத்தில்:
வானம் தெளிவு.

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்,
தூசியில் பதிந்த அதே சதுரத்தில்.

பிப்ரவரியில் கிரசியோசாத் தீவிலிருந்து அழைப்பு.
தியோலிந்தா என்ற பெண்ணுக்கு
ஐந்து வாரம் முந்திவிட்டது.
இரவு இரண்டு மணி, தென்மேற்கில் நாற்பது நாட் காற்று,
கண்ணாடியில் கல்லெறிவது போல மழை.
நாங்கள் ஐந்து பேர், அவளோடு ஆறு.
பாதி வழியில், ஆயிரத்து ஐந்நூறு அடியில்,
செவிலியின் கத்தல் காதுக்கருவியைப் பிளந்தது.
பிறகு இன்னொரு கத்தல்,
மிகச் சின்னது,
எஞ்சினைத் தாண்டிக் கேட்டது.

ஏறியவர்: ஆறு. இறங்கியவர்: ஏழு.
படிவம் மறுநாள் திரும்பி வந்தது,
"கணக்கு இடிக்கிறது, திருத்தவும்" என்று
சிவப்பு மையில்.

அன்று தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன்.
காற்றைக் கேட்டார். சொன்னேன்.
"ம்" வரவில்லை.
வைக்கவும் இல்லை.

அந்த ஞாயிறு சண்டையே போடாமல்
என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.
ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை.

கஸிமிரு என்று ஒரு பையன், என்றார்.
நீச்சல் தெரியாது.
ஆறு தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வான்.
அன்றைக்கு அவன்தான் கடைசி.
நெல் வயலில் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தான்.
மரவரிசையிலிருந்து சுட்டார்கள்.
கதவு விளிம்பில் அவன் கை பட்டது,
பார்த்தேன்.
தூக்கிவிட்டேன்.

"ஆளையா, இயந்திரத்தையா?" என்றேன்.

என் கேள்வி அவருடைய இடது காதில் விழுந்தது.
அம்மாவுக்குக் கேட்டது.
கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.
வெளியே வேலியோரம் மாடுகள்
காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன.

அவர் ரொட்டித் துகள்களை
விரலால் ஒன்றாய்க் கூட்டினார்.
பிறகு, தட்டைப் பார்த்தபடி:
"அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வைத்தார்களாம்?"

எழுந்தேன்.
மேசையைச் சுற்றிப்போய்
மறுபக்கம் குனிந்து சொன்னேன்:
ஸெல்மிரா.

"எடை எவ்வளவு?" என்றார்.