நெளிவு

ஜெகதேவி ரோட்டில் கிரானைட் கம்பெனி.
எழுத்து உரிப்பது என் வேலை.
கல் மேல் ஒட்டிய ரப்பர் தாளில்
எழுத்தை மட்டும் ஊசியால் கிளப்பி எடுக்க வேண்டும்.
எடுத்த இடத்தில் மணல் அடிப்பான் திம்மராயன்.
எடுக்காத இடம் கல்லாகவே இருக்கும்.

அந்த வாரம் ஸ்பெயின் ஆர்டர்.
கறுப்புக் கல், ஆறடிக்கு மூன்று.
யாரோ ஒரு மார்க்கேஸ். பழைய கல்லறைக்குப் புதுக் கல்.
இருநூற்று எண்பத்தேழு எழுத்து.
எனக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்:
1811, 1836, 1854, 1868, 1877, 1879.

சாப்பாட்டு நேரத்தில் டிசைன் போடும் ஜபருல்லா
போனைக் கல்லின் மேல் பிடித்தான்.
போன் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னது.
குதிரைப்படைக் கர்னல். இடது கையில் காயம்.
எந்தப் பக்கத்துச் சண்டை என்றேன்.
குட்டி ராணி பக்கம்,
அவள் சித்தப்பாவுக்கு எதிராக.
பிறகு அமைச்சர். பிறகு நாடு கடத்தினார்கள்.
பிறகு, ராணியைத் துரத்திய கூட்டத்தில் இவரும் ஒரு கையெழுத்து.
ராணி மகன் ராஜாவானதும்
அவனுக்கும் ஒரு சலாம். செனட் உறுப்பினர், 1877.

"நம்ம யூனியன் சேர்மன் மூணு கட்சிதான் மாறினான்,
இவருக்கு முன்னாடி அவன் சின்னப் பையன்"
என்றான் திம்மராயன், ரசம் ஊற்றிக்கொண்டே.

1877 எனக்குத் தெரிந்த வருஷம்.
காவேரிப்பட்டணம் பள்ளிக்கூடத்தில்
தாது வருஷப் பஞ்சம் பாடமாக வந்தது.
ஒரு பிடி தானியத்துக்கு
ஆணும் பெண்ணும் ரோட்டுக்குச் சல்லி உடைத்தார்களாம்.
அதில் எங்கள் வீட்டு ஆள் யார் யார்
என்று எந்தக் கல்லிலும் இல்லை.

அதை யோசித்துக்கொண்டே உரித்தேனோ என்னவோ.
ஓர் எழுத்தின் தலையில் புழு மாதிரி ஒரு நெளிவு.
ரப்பர் பிசிறு என்று விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள், போட்டோ பார்த்து மெயில் வந்தது.
'ஐம்பது வருஷம் நாட்டுக்கு உழைத்தவர்' என்ற வரி அது.
நெளிவு இல்லாவிட்டால்
வருஷம் என்ற சொல் வேறொன்று ஆகிவிடுமாம்.
என்னவென்று ஜபருல்லா சொல்ல மாட்டேன் என்றான்.
திம்மராயன் சொன்னான்.
நான் சிரித்த சிரிப்புக்கும் சேர்த்து
மூன்று மாதம், மாதம் எண்ணூறு பிடித்தார்கள்.

இரண்டாம் கல் நெளிவோடு
கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டித் துறைமுகம் போனது.
முதல் கல்லை,
பிடித்த பணத்துக்கு என்று சண்டை போட்டு வாங்கினேன்.
டாடா ஏஸில் மல்லாந்து படுத்து
பர்கூர் வந்து சேர்ந்தார் மார்க்கேஸ்.

இப்போது வீட்டுப் பின்னால் துவைக்கிற கல்.
மேஸ்திரி குப்புறப் போடச் சொன்னார்.
எழுத்து மேலே இருந்தால்தான் கால் வழுக்காது என்றேன்.
குதிரைப்படை முழுக்க நுரை.
மழை விட்ட பிறகும்
அந்த இரண்டு ஏழுகளில் மட்டும் தண்ணீர் நிற்கிறது.
ஒருநாள் கான்கிரீட் ஆணியால்
விட்டுப்போன நெளிவைக் கீறிப் பார்த்தேன்.
ஆணி மழுங்கியது.

கடைசி வரியில், சின்ன எழுத்தில், அவர் மனைவி பெயர்.
அவளுக்கு வருஷமே போடவில்லை,
அதனால் பிழையும் இல்லை.