கடல் வெளியே போயிருக்கிறது

பேருந்து இறக்கிவிட்டபோது
கடல் ஊரில் இல்லை.
"வெளியே போயிருக்கிறது, நாலு மணிக்கு வந்துவிடும்"
என்றாள் ரொட்டிக் கடைக்காரி,
வீட்டு ஆளைச் சொல்வதுபோல.

கலீசியாவின் இந்த மூலையில்
சோளக் குதிர்கள் கரையோரம்
கல் கால்களில் நிற்கின்றன.
எலி ஏறாதபடி ஒவ்வொரு காலுக்கும்
தட்டையாய் ஒரு கல் தொப்பி.
அடியில் யாருடையதோ மழைச்சட்டை
காய்வதாக நினைத்துக்கொண்டு தொங்குகிறது.

தூரத்தில், சேற்றில்,
குனிந்த முதுகுகளாக முப்பது பெண்கள்.
அருகே போய்க் கைப்பேசியை எடுத்தேன்.
ஒருத்தி நிமிர்ந்தாள். தொரிந்தா.
திட்டப்போகிறாள் என்றிருந்தேன்.
வாளியை நீட்டினாள்:
"சும்மா இருக்கிற கைதானே."

பிடித்துக்கொண்டேன்.
இடது செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது.

ஒவ்வொரு மட்டியையும்
இரும்பு வளையத்தில் வைத்துப் பார்க்கிறாள்.
தங்கினால் வாளிக்கு,
நழுவினால் சேற்றுக்கு.
மூன்று மணி நேரத்தில் நான் கண்டெடுத்தது ஒன்றே ஒன்று.
அதுவும் நழுவியது.
"மார்ச்சில் வா, வளர்ந்திருக்கும்."
சிரிக்காமல்தான் சொன்னாள்.

நாலு மணிக்குத்தான் என் பேருந்தும்.
குதிரின் அடியில்
ஒற்றைச் செருப்போடு நின்றேன்.
கடல் வந்தது, சத்தமே இல்லாமல்,
பிந்தி வந்தவர்
பின்வாசலால் நுழைவதுபோல.

மற்றச் செருப்பைப் பற்றி
அது ஒன்றும் சொல்லவில்லை.